வரமாட்டேன் என்னும் பொத்தான்

கூட்டம் நடக்கும் கூடத்துக்குள் நுழையுமுன் தெத்தே இமாஸ் வாசற்படியில் ஒரு நிமிடம் குனிவார். அங்கே கழற்றிப் போட்டிருக்கும் செருப்புகளை ஜோடி சேர்ப்பார். ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதை இறக்கி, குப்புறக் கிடப்பதை நிமிர்த்தி, முனைகள் சந்துப் பக்கம் பார்க்கும்படி திருப்பி வைப்பார். வலது கையின் இரண்டு விரல்கள் மட்டும்தான் வேலை செய்யும். இடது கை தலைமுக்காட்டின் நுனி தரையில் படாமல் பிடித்திருக்கும். உதடு லேசாக அசையும். அவர் எண்ணுகிறார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. உள்ளே வந்தபின் முகங்களை எண்ண மாட்டார். முகங்களை எண்ணினால் வராதவர்களின் பெயர் எல்லாருக்கும் நினைவுக்கு வந்துவிடும். செருப்பில் அந்தத் தொந்தரவு இல்லை.

அந்த வருடம் ஆகஸ்ட் வரை அவர் ஆறு ஜோடிக்கு மேல் எண்ணியதில்லை. அதில் ஒன்று அவருடையது. ஒன்று என்னுடையது.

பாண்டுங் நகரம் முடிந்து மலைமேடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது எங்கள் சிராமே பேட்டை. இரண்டு மோட்டார் சைக்கிள்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று யார் வீட்டு வாசலிலாவது ஏறி ஒதுங்க வேண்டிய அளவுக்குத்தான் சந்துகள். சந்துமுனையில் பார்சல் அனுப்பும் கடை. அதன் கவுண்டரில் இமாஸ். அடுத்தது என் ஜெராக்ஸ் கடை. நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. முப்பத்து மூன்று வயதில் அவருக்கு சிராமேயில் யாருக்கு எந்த அளவு செருப்பு, யார் முகத்துக்கு எந்தக் கிரீம் என்பது வரைக்கும் தெரியும். எல்லாம் அவர் கை வழியாகத்தான் வந்தது. தெத்தே என்றால் அக்கா. அவரைவிட மூத்தவர்களும் அப்படியேதான் கூப்பிட்டார்கள்.

ஒன்பது வருடமாக எங்கள் இளைஞர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். மூன்று வருடத்துக்கு ஒரு தேர்தல். மூன்று தேர்தலிலும் வேறு யாரும் கை தூக்கவில்லை. யாராவது இறந்தால் பந்தலும் நாற்காலியும், கல்யாணம் என்றால் ஜெனரேட்டர், மாதம் ஒருமுறை குழந்தைகளை எடைபோடும் நாள், மழைக்கு முன் சாக்கடை என்று எல்லாவற்றுக்கும் கூடத்துச் சாவி அவர் இடுப்பிலிருந்துதான் வரவேண்டும்.

அந்தச் சாவியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் அவர் கல்யாணம் செய்துகொள்ள முடியும். அப்படித்தான் அவர் முடிவு செய்திருந்தார். மாப்பிள்ளை காங் டாசெப், பாத்தாம் தீவில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். மூத்த ஆண்களை நாங்கள் காங் என்போம். நிச்சயமாகி இரண்டு வருடம். தேதி இரண்டு முறை தள்ளிப்போனது. தளத்தில் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு ஒரு குடியிருப்பு உண்டு, டாசெப்பின் முறை வந்திருந்தது. டிசம்பர் முடிவதற்குள் மனைவியைக் கூட்டி வந்து பதிவு செய்யாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இந்தக் கெடு சிராமேயில் யாருக்கும் தெரியாது. கண்ணாடித் தடுப்பு மெல்லியது, அவர் ஃபோனில் பேசுவது கேட்கும் என்பதால் எனக்குத் தெரியும்.

"ம்... ம்... தெரியுது காங். இந்த வருஷம் முடியறதுக்குள்ள. ஒருத்தர் கையில ஒழுங்கா குடுத்துட்டு வந்துடறேன். ... ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

பிறகு நீண்ட நேரம் பார்சலுக்கு டேப் ஒட்டும் சத்தம் மட்டும் கேட்கும்.

ஒழுங்காகக் கொடுப்பதற்கு ஒரு கணக்கு இருந்தது. சங்கத்துப் பதிவேட்டில் அறுபத்தொரு பெயர். புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பொதுக்கூட்டத்தில் பாதிக்கு மேல் ஒருவர், அதாவது முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டால்தான் வார்டு அலுவலகம் ஏற்றுக்கொள்ளும். இல்லையென்றால் சங்கம் செயல்படாத பட்டியலுக்குப் போகும். பந்தலும் நாற்காலியும் ஜெனரேட்டரும் அலுவலகத்துக்குத் திரும்பிவிடும். அடுத்த சாவுக்கு நாற்காலி கேட்டு நாங்கள் பக்கத்துப் பேட்டைக்கு ஓட வேண்டும்.

வாட்ஸாப் குழுவில் கூட்டம் என்று எழுதினால் ஐம்பது பேர் பதில் போடுவார்கள். "சரி தெத்தே." "கண்டிப்பா தெத்தே." "இன்ஷா அல்லா." கட்டைவிரல், பூங்கொத்து, கைகூப்பிய பொம்மை. பிறகு ஆறு ஜோடிச் செருப்பு.

ஒருநாள் மத்தியானம் அவர் கண்ணாடியைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். எங்கள் பேச்சில் தம்பிமாரைக் கூப்பிடும் சொல் ஜாங்.

"ஜாங், இங்க வா. யாரும் எங்கயும் போயிடல. எல்லாரும் ஃபோனுக்குள்ளதான் இருக்காங்க. நாமதான் அங்க போய்க் கதவத் தட்டல."

கவுண்டரில் டெரிஸ் உட்கார்ந்து எங்கோ போக வேண்டிய ஒரு பார்சல்மேல் முழங்கையை ஊன்றியிருந்தான். தொழிற்பள்ளியில் கணினி படித்தவன். வேலை கிடைக்காமல் மோட்டார் சைக்கிள் டாக்ஸி ஓட்டுகிறான். பச்சை ஜாக்கெட்டைக் கழற்றவே மாட்டான்.

"தெத்தே ஆப் செய்யப் போறாங்களாம்," என்றான். "ஆறு பேருக்கு."

"அறுபத்தொரு பேருக்கு," என்றார் இமாஸ். ஒரு பழைய ரசீதைத் திருப்பிப்போட்டு பால்பாயிண்டால் ஒரு கட்டம் வரைந்தார். கட்டத்துக்குள் நிகழ்ச்சியின் பெயர், நாள், இடம். கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று வருகிறேன். இன்னொன்று வரமாட்டேன்.

டெரிஸ் இரண்டாவதைப் பார்த்து விசில் அடித்தான். "இத யாரு அமுக்குவா?"

"வர முடியாதவங்க."

"நம்ம ஊர்லயா? தெத்தே, நம்ம ஆளுங்க கடன்காரனுக்கே உள்ள வாங்க, டீ குடிங்கன்னுதான் சொல்வாங்க. மூஞ்சிக்கு நேரா வரமாட்டேன்னு சொல்றதுக்கு வாய் வருமா?"

"அதுக்குத்தாண்டா ஆப். அதுல மூஞ்சி இல்ல. விரல் மட்டுந்தான். யாரு வர்றாங்க, யாரு வரலன்னு எனக்குத் தெரிஞ்சா போதும். தெரியாமதான் நான் ஒவ்வொரு தடவையும் பானையத் தூக்கிட்டு நிக்கறேன்."

செயலிக்கு 'ஹாயு' என்று பெயர் வைத்தோம். எங்கள் பேச்சில் வா, போவோம் என்பதற்கு அப்படித்தான் சொல்வோம். டெரிஸ் சவாரி இல்லாத நேரங்களில் எழுதினான். நான் படங்கள் வரைந்தேன். வருகிறவர்களுக்கு ஒரு மாமரம், ஒவ்வொரு முறை வந்தாலும் ஒரு பழம். வரமாட்டேன் பொத்தானுக்கு என்ன நிறம் கொடுப்பது என்று எனக்கு இரண்டு நாள் பிடிபடவில்லை. சிவப்பு கோபம் போல இருந்தது. கறுப்பு சாவு போல. கடைசியில் மழைக்கு முந்திய மேகத்தின் சாம்பலில் வைத்தேன். யார் என்ன அமுக்கினார்கள் என்ற பெயர் விவரம் தலைவர் திரையில் மட்டும் தெரியும், மற்றவர்களுக்கு எண்ணிக்கை மட்டும் என்று இமாஸ் சொல்லிவிட்டார். மரணச் செய்திக்கு மட்டும் எல்லா ஃபோனிலும் ஒரு மணி அடிக்கும்.

சரிபார்க்க எங்கள் மூன்று ஃபோனிலும் ஏற்றினோம். வருகிறேன் என்பதை ஆளுக்குப் பத்து முறை அமுக்கினோம். மற்றதை யாரும் அமுக்கவில்லை. "நீ அமுக்கு," என்றான் டெரிஸ். "நீயே அமுக்கேன்," என்றேன் நான். இமாஸ் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். எங்களுக்கு எதிரே நாங்களே உட்கார்ந்திருக்கும்போது அது என்னவோ போல இருந்தது. வேலை செய்யும் என்று விட்டுவிட்டோம்.

ஐம்பத்தெட்டு பேர் செயலியை ஏற்றிக்கொண்டார்கள். செப்டம்பரில் முதல் நிகழ்ச்சி சாக்கடை அள்ளுவது. வருகிறேன் நாற்பத்தொன்று. வரமாட்டேன் ஒன்றுகூட இல்லை. இமாஸ் அந்த எண்ணை எனக்குக் கண்ணாடி வழியாகத் தூக்கிக் காட்டினார். அவர் சிரிக்கும்போது கீழ் உதட்டைக் கடித்துக்கொள்வார். விடியற்காலையிலேயே எழுந்து, நாற்பது பேருக்கு, எலுமிச்சைப்புல் போட்டு லீவெத் சோறு வடித்தார். கருவாடு வறுத்தார், மிளகாய் அரைத்தார். கூடத்தின் தரையில் நீளமாக வாழையிலை விரித்தோம்.

வந்தவர்கள் ஏழு பேர்.

சாக்கடையை ஏழு பேரும் அள்ளினோம். பிறகு அந்த நீண்ட இலையின் ஒரு முனையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மறுமுனை வரைக்கும் சோறு ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"ரயில்ல ஒரே பெட்டியில ஏழு பேரு போற மாதிரி இருக்கு," என்றான் டெரிஸ்.

மறுநாள் ராத்தி என்ற பெண் தன் பார்சலை வாங்க வந்தாள். அழகு நிலையத்தில் வேலை பார்ப்பவள். இமாஸ் கையெழுத்து வாங்கிக்கொண்டே கேட்டார். தங்கைமாரை நாங்கள் நெங் என்போம்.

"நெங், நேத்து வருகிறேன்னு அமுக்கியிருந்தியே?"

"ஆமா தெத்தே! உடனே அமுக்கிட்டேன். முதல் ஆளு நான்தானே?"

"வரலையே."

ராத்தி முழித்தாள். "எனக்கு நேத்து கடையில மணப்பொண்ணு அலங்காரம் தெத்தே."

"அது முன்னாடியே தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப இன்னொரு பொத்தான அமுக்கியிருக்கலாமில்ல?"

"ஐயோ தெத்தே!" அவள் பார்சலை மார்போடு அணைத்துக்கொண்டாள். "உங்கமேல எனக்கென்ன கோவம்?"

அவள் போனபிறகு இமாஸ் வெகுநேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. அவள் பொய் சொன்னாளா என்றால் இல்லை. அவள் மரியாதை செய்தாள், அந்த மரியாதையில் நாற்பது பேர் சாப்பாடு ஆறிப்போனது.

அக்டோபர் முதல் வாரம் குழந்தைகளை எடைபோடும் நாளுக்கு ஆள் கேட்டு அறிவிப்பு போனது. அடுத்த நாள் மத்தியானம், தொழுகை முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம், சிராமேயில் இருந்த ஃபோன்கள் எல்லாம் ஒன்றாக அடித்தன. சாவு மணி. திரையில் ஒரே வரி. 'ஹெண்டி வரமாட்டார்.'

ஹெண்டிக்கு இருபத்திரண்டு வயது. பிஸ்கட் கம்பெனியில் இரவு ஷிப்ட். முதல் நாள் மாலைதான் என் கடையில் அடையாள அட்டையை நகல் எடுத்துப் போனான்.

இமாஸ் கவுண்டரைத் தாண்டிக் குதித்தே வந்தார். "டெரிஸ் எங்க? டெரிஸக் கூப்பிடு!"

டெரிஸ் அப்போதுதான் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தான். ஃபோனைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். வரமாட்டேன் பொத்தானுக்கு எழுத வேண்டியதை எழுதாமல், மரணச் செய்திக்கு எழுதியதை அப்படியே ஒட்டி வைத்திருந்தான். யாரும் அமுக்கப் போவதில்லையே என்று பிறகு மறந்துவிட்டான்.

"சரிபண்ணுடா!"

"சரிபண்றேன், சரிபண்றேன். ஆனா தெத்தே, அவன் நெஜமாவே அமுக்கியிருக்கானே? ஏன் அமுக்கினான்?"

அதற்குள் சந்து முழுவதும் அதே கேள்வி. சாகவில்லை என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஆனால் அது இன்னும் குழப்பமாகப் போயிற்று. சாகாத ஒருவன் எதற்காக வரமாட்டேன் என்று சொல்ல வேண்டும்? காய்கறி வண்டிக்காரர் அவன் அம்மாவிடம் கேட்டார். அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. உடம்பு சரியில்லையா, வேலை போய்விட்டதா, யாராவது ஏதாவது சொன்னார்களா, காதல் தோல்வியா? மாலைத் தொழுகைக்கு முன் நானும் இமாஸும் அவன் வீட்டுக்குப் போனோம். கையில் ஒரு கிலோ ஆரஞ்சு. வெறுங்கையோடு எப்படிப் போவது?

எங்களுக்கு முன்பே அங்கே கூட்டம். ராத்தி ரொட்டி கொண்டு வந்திருந்தாள். ஹெண்டி லுங்கியோடு, தலை கலைந்து, தூக்கத்தில் பாதி எழுந்தவனாக நடுவில் உட்கார்ந்திருந்தான்.

"ஷிப்ட்டு," என்றான், நாலாவது தடவையாக. "அன்னிக்கு எனக்கு ஷிப்ட்டு. தெத்தேதானே வர முடியலன்னா அமுக்குங்கன்னு எழுதியிருந்தீங்க?"

"ஷிப்ட்டா? அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்!"

"டேய், மனசுல ஏதாவது இருந்தா சொல்லிடு."

"தூக்கம்தாங்க இருக்கு!"

ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. ஹெண்டியின் அம்மா முட்டைக்கோஸ் போட்ட பஜ்ஜி சுட ஆரம்பித்துவிட்டார். யாரோ கிட்டார் எடுத்து வந்தார்கள். அவன் வீட்டு ஜெட் பம்பு கெட்டுக் கிடப்பதைப் பார்த்து இரண்டு பேர் அதைக் கழற்றிப் போட்டார்கள். நான் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். இமாஸ் வெளியே போனவர் திரும்பவில்லை. பார்த்தால் வாசலில் குனிந்திருந்தார்.

"பதினேழு," என்றார் நிமிர்ந்து. "ஜாங், பதினேழு ஜோடி. மூணு வருஷத்துல நான் இத்தனை பார்த்ததில்ல. ஆனா எதுக்கு வந்திருக்காங்க?"

நான் ஒரு பஜ்ஜியை அவர் கையில் வைத்தேன்.

அவர் டெரிஸிடம் மணியைச் சரிசெய்யச் சொன்னார். டெரிஸ் சாவு மணியை எடுத்துவிட்டு ஒரு சின்ன கிணுகிணுப்பு வைத்தான். ஆனால் அது எல்லாருக்கும் போவதை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லலாமா என்று இமாஸும் முடிவு செய்யவில்லை. அடுத்த வாரம் இரண்டு வரமாட்டேன்கள் வந்தன. இரண்டு வீட்டுக்கும் ஆட்கள் போனார்கள். ஒரு வீட்டில் கூரை ஒழுகியது, ஓடு மாற்றினார்கள். ஒரு பையனுக்கு நேர்முகத் தேர்வுக்குச் சட்டை இல்லை, நான்கு சட்டைகள் வந்தன. நவம்பரில் ராத்தி, எடைபோடும் நாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போதே வரமாட்டேன் அமுக்கிவிட்டு, பஜ்ஜிக்கு இரண்டு கிலோ மாவு வாங்கி வைத்துக்கொண்டு, சுவரை எல்லாம் துடைத்து வைத்திருந்தாள் என்று அவள் தங்கை எல்லாரிடமும் சொன்னாள்.

"தெத்தே, நம்ம ஆப் வேலை செய்யுது," என்றான் டெரிஸ். "ஆனா பின்பக்கமா வேலை செய்யுது. ரிவர்ஸ் கியர்ல ஏறிடுச்சு."

"வேலை செய்யுதுன்னா கூடத்துக்கு ஏன் யாரும் வரல? எடைபோட நேத்து அஞ்சு பேருதான். அந்த அஞ்சு பேருல ராத்தியும் ஒருத்தி. வரமாட்டேன்னு அமுக்கிட்டு வந்து நிக்கறா!"

"வரமாட்டேன்னு சொன்னதுக்குப் போய்ப் பார்த்தாங்க இல்ல? அந்த நன்றிக்கு வந்திருப்பா."

"அப்ப வருகிறேன்னு அமுக்கினவங்க?"

"அவங்க வருகிறேன்னு அமுக்கிட்டாங்களே. மரியாதை முடிஞ்சுது."

இமாஸ் ரசீதுக் கட்டால் அவன் தோளில் ஒரு அடி போட்டார். எனக்கு அந்த உரையாடல் அன்றும் புரியவில்லை, இன்றும் முழுதாகப் புரியவில்லை. எங்கள் பொத்தான்கள் நாங்கள் எழுதிய சொற்களைக் கழற்றி வைத்துவிட்டு வேறு எதையோ உடுத்திக்கொண்டிருந்தன.

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு, காலை ஒன்பது மணிக்குப் பொதுக்கூட்டம். வட்டாரத் தலைவர் பாக் எந்திஸ் வார்டு அலுவலக ஆளை முத்திரையோடு வரச் சொல்லியிருந்தார். அதற்கு மேல் அந்த வருடத்தில் தேதி இல்லை. இமாஸ் அறிவிப்பை நான்கு முறை எழுதி அழித்தார். தனக்குக் கல்யாணம், குடியிருப்பு, டிசம்பர் என்று எதையும் எழுதவில்லை.

"எழுதினா என்ன?" என்று அன்றைக்கு ஒருமுறை நானாகக் கேட்டேன்.

"எழுதினா, என்னைப் போக விடுங்கன்னு கேக்கற மாதிரி ஆயிடும் ஜாங். கேட்டா அவங்க பாவம், என்ன சொல்வாங்க?"

சனிக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறேன் ஒன்பது. வரமாட்டேன் முப்பத்தெட்டு.

டெரிஸ் கவுண்டரில் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டான். "முப்பத்தெட்டு வீடு. இப்பவே பஜ்ஜி தின்ன ஆரம்பிச்சாலும் நாளைக்கு ஒன்பது மணிக்குள்ள முடியாது."

"இதுல எத்தனை பேரு நெஜமா வரமாட்டாங்க? எத்தனை பேரு எங்க வீட்டுக்கு வாங்கன்னு சொல்றாங்க? எத்தனை பேரு வரமாட்டேன்னு அமுக்கிட்டு வருவாங்க?" இமாஸ் ஒவ்வொரு பெயராக விரலால் தள்ளினார். "எனக்கு ஒண்ணுமே புரியல. முன்னாடியாவது எல்லாரும் பொய் சொல்றாங்கன்னு தெரியும்."

டெரிஸுக்குச் சவாரி வந்தது, போய்விட்டான். நான் என் பக்கத்துக்கு வந்து யாருடையதோ பத்திரங்களை நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணி வாக்கில் என் பையில் ஃபோன் கிணுகிணுத்தது.

'இமாஸ் வரமாட்டார்.'

நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஒரு பெட்டியின்மேல் விலாசம் எழுதிக்கொண்டிருந்தார். எழுத்து எப்போதும் போல நேராகத்தான் இருந்தது. ஃபோன் சற்றுத் தள்ளி, கவிழ்ந்து கிடந்தது. அவர் யோசித்துச் செய்தாரா, அலுத்துப்போய்ச் செய்தாரா என்று நான் அந்த முகத்தில் தேடினேன். எழுதி முடித்துவிட்டு ஷட்டரை இறக்கினார். சனிக்கிழமைகளில் அவர் நான்கு மணிக்கு முன் கடை மூடியதில்லை.

ஞாயிறு காலை எட்டேமுக்காலுக்குக் கூடத்துக்குப் போனேன். பூட்டியிருந்தது. வார்டு அலுவலக ஆள் முத்திரைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். "எல்லாரும் எங்க?" என்றார். அவரைக் கூட்டிக்கொண்டு இமாஸின் சந்துக்குப் போனேன்.

சந்தில் நுழைய இடம் இல்லை. ஆரஞ்சுப் பைகள், ரொட்டிகள், யாரோ ஒரு முழுப் பலாப்பழம். இமாஸ் வீட்டில் போடும் பூப்போட்ட அங்கியோடு, முக்காட்டை அவசரமாகச் சுற்றிக்கொண்டு கதவில் நின்றிருந்தார்.

"தெத்தே, யாரு மேல கோவம்?"

"கோவமெல்லாம் இல்ல."

"அப்ப உடம்பா?"

"உடம்பும் இல்ல."

"நான் அன்னிக்குச் சாக்கடைக்கு வராததுதானே?" ராத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். "கருவாடெல்லாம் வறுத்தீங்களாமே. எனக்கு அப்புறந்தான் தெரியும்."

"நான் ஆறு கூட்டத்துக்கு வரல," என்றான் ஹெண்டி. "ஆறு இல்ல, எட்டு."

"நான் வந்ததே இல்லைங்க," என்றான் பின்னால் ஒருவன். அவன் முகத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

பாக் எந்திஸ் பதிவேட்டை ஒரு மோட்டார் சைக்கிள் சீட்டின்மேல் விரித்தார். "எல்லாரும் இங்கதான் இருக்கீங்க. கூட்டம் கூடத்துலதான் நடக்கணும்னு எங்கயும் எழுதல. அழுதுகிட்டே கையெழுத்துப் போடுங்க." வார்டு ஆள் தலையசைத்தார். நாற்பத்தொன்பது கையெழுத்து. இமாஸ் அந்த எண்ணைக் கேட்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருடத்தில் ஒரு கூட்டத்துக்கு நேரில் வந்தவர்களின் எண்ணிக்கையிலேயே பெரியது.

"சரி. தலைவர் யாரு?"

ஒரு நொடிகூட ஆகவில்லை. "தெத்தே இமாஸ்!" ராத்திதான் முதலில். பிறகு சந்து முழுவதும். கைதட்டல். டெரிஸ் மட்டும் என்னைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன். அவர்கள் அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்கள். கோபித்துக்கொண்டவரை அப்படித்தானே குளிரவைப்பார்கள்?

இமாஸ் வாயைத் திறந்தார். நாற்பத்தொன்பது முகங்கள். ஆரஞ்சுப் பைகள். மாட்டேன் என்னும் சொல்லுக்கு ஒரு பொத்தானே செய்தவர் அவர்.

"உங்க இஷ்டம்," என்றார். சிரித்தார். பாக் எந்திஸ் எழுதிக்கொண்டார். முத்திரை விழுந்தது. பலாப்பழத்தை அங்கேயே வெட்டினோம்.

அன்று மாலை அவர் டெரிஸிடம், இனி வரமாட்டேன் என்று யார் அமுக்கினாலும் தலைவருக்கு மட்டும் வந்தால் போதும் என்றார். வீட்டுக்காரர்கள் மாவு வாங்கி ஓய்ந்துவிட்டார்கள் என்றும் சொன்னார். டெரிஸ் மாற்றிவிட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு வாரம் ஃபோன் பேச்சே கேட்கவில்லை. டேப் சத்தம் மட்டும். அவர் தோற்றுவிட்டார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படியும் தெரியவில்லை.

டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி காலை அவர் கடைக்கு வந்தார், வேலைக்கு வரும் உடையில் இல்லை. சந்துமுனையில் டாக்ஸி நின்றது. அதில் அவர் அண்ணன், விசேஷத்துக்குப் போடும் பட்டிக் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் ஒரு பெரிய பெட்டி. அதன்மேல் கயிறு கட்டிய ரைஸ் குக்கர்.

இமாஸ் இடுப்பிலிருந்து கூடத்துச் சாவியை எடுத்து டெரிஸிடம் நீட்டினார்.

"இதக் கொஞ்சம் வெச்சிரு. கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

டெரிஸ் டாக்ஸியைப் பார்த்தான். குக்கரைப் பார்த்தான். அண்ணனின் சட்டையைப் பார்த்தான்.

"சரிங்க தெத்தே. வெயில் ஏறறதுக்குள்ள போயிட்டு வாங்க."

"முப்பதாம் தேதி குழந்தைங்க எடை. தராசுக்கு பேட்டரி மாத்தணும்."

"மாத்திடறேன்."

என்னைப் பார்த்து, "ஜாங், நீ கொஞ்சம் பேசக் கத்துக்கோ," என்றார். டாக்ஸி போயிற்று. சந்தில் வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்று கையாட்டினார்கள். யாரும் எப்போது வருவீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பதிவேட்டில் இன்றும் தலைவர் இமாஸ்தான். சாவி டெரிஸ் இடுப்பில். யாராவது அவனைத் தலைவர் என்றால், "தெத்தே கடைத்தெருவுக்குப் போயிருக்காங்க, வர்ற வரைக்கும்," என்பான். கூட்டத்துக்குச் சில மாதம் இருபது பேர் வருகிறார்கள், சில மாதம் நான்கு பேர். ஹெண்டி ஷிப்ட் மாற்றிக்கொண்டு வருகிறான். பக்கத்துப் பேட்டை இளைஞர்கள் செயலியைப் பார்க்க வந்தபோது, இது வெற்றியா என்று கேட்டார்கள். டெரிஸ் என்னைக் காட்டினான். நான் ஜெராக்ஸ் மெஷினில் தாள் சிக்கிவிட்டது என்று எழுந்து போய்விட்டேன்.

மறு வருடம் ஆகஸ்டில் சர்வருக்குத் தவணை முடிந்தது. மூடுவதற்கு முன் விவரங்களை நகல் எடுக்க நானும் டெரிஸும் உட்கார்ந்தோம். அப்போதுதான் தலைவருக்கு மட்டும் தெரிந்த திரையை முதன்முதலாக முழுதாகப் பார்த்தோம். நான்காவது பதிவு, எங்கள் மூன்று பேருக்கு அடுத்தபடியாக: டாசெப், பாத்தாம்.

சாக்கடை, எடைபோடும் நாள்கள், வாலிபால் வலை கட்டுவது, பொதுக்கூட்டம். எல்லாவற்றுக்கும் வருகிறேன் என்று அமுக்கியிருந்தார்.

"கடலைத் தாண்டிச் சாக்கடை அள்ள வர்றாராம்!" என்று சிரித்த டெரிஸ், கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினான். டிசம்பர் முப்பதாம் தேதி, குழந்தைகள் எடை. அதற்கு மட்டும் டாசெப் வரமாட்டேன் என்று அமுக்கியிருந்தார். அமுக்கிய நாள் டிசம்பர் இருபத்தாறு, மாலை நான்கு பத்து. அது தெத்தேயின் ஃபோனில் மட்டும் கிணுகிணுத்திருக்கும்; இரண்டு நாள் கழித்து அவர் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்.